அறுபது வயசுக்கு அத்தாட்சி எங்கே?

முதுமைக்கு எப்படித் தயாராவது என்று ஞாயிறு இணைப்புகளில் நிறைய எழுதுகிறார்கள். சம்பளத்தில் இத்தனை பங்கைச் சேமியுங்கள், காப்பீடு எடுங்கள், ஓய்வு பெற்ற பிறகு நாலு ஊர் சுற்றிப் பாருங்கள் என்கிறார்கள். கச்சிராயபாளையத்துக் காலனித் தெருவில் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள். மாதச் சம்பளம் இல்லாதவருக்கு ஓய்வு பெறும் தேதியும் கிடையாது. கரும்பு வெட்டப் போனவர் என்றைக்குக் கத்தியைத் தூக்க முடியாமல் வீடு திரும்புகிறாரோ, அன்றைக்கு அவர் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழா எல்லாம் இல்லை. மறுநாள் வேலைக்குக் கூப்பிட ஆள் வராது, அவ்வளவுதான்.

இங்கே இருப்பது கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவை தொடங்கினால் சோகை உரிப்பதும், வெட்டுவதும், கட்டு கட்டி வண்டி ஏற்றுவதும் சுற்றுவட்டாரச் சேரிகளுக்கும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளி பழங்குடிகளுக்கும் வேலை. முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்த ஒருவரிடம் முதுமைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பிள்ளைகளைக் காட்டுவார். இன்னும் கொஞ்சம் கேட்டால் காலனி வீட்டின் பட்டாவைக் காட்டுவார். பிறகு, 'ஓ.ஏ.பி. பணம் போட்டா நல்லாருக்கும்' என்பார். பிள்ளை, பட்டா, ஓ.ஏ.பி. இவைதான் நம் மக்களின் சேமிப்பு. இதில் பிள்ளை தவிர்த்த இரண்டும் காகிதத்தில் நிற்பவை. அந்தக் காகிதம் சரியாக இருக்கிறதா என்று நாற்பது வயதிலேயே பார்த்துக்கொள்வதுதான் நம் தெருக்களில் முதுமைக்கான திட்டமிடல். அறுபதில் பார்த்தால் காலம் கடந்துவிடுகிறது.

முதலில் வயது. நாங்கள் மனு எழுதிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் பேனா நிற்கும். "உன் வயசு என்னா ஆயா?" "எனக்கென்னா தெரியும் கண்ணு. அணைக்கட்டுக்கு மண்ணு சொமக்கச்ச எங்கம்மா இடுப்புல இருந்தேன்னு சொல்லுவாங்க." கோமுகி அணைதான் அவருடைய பிறப்புச் சான்றிதழ். மலைக்கு மேலே போனால் கணக்கு வேறு. கல்வராயன் மலையின் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976-இல். அதுவரை ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை பார்த்த மக்கள் அவர்கள். 'ஜாகீர் போன வருசம் எனக்குக் கல்யாணம்' என்கிற பாட்டிகள் அங்கே உண்டு. வரலாற்று மாணவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இ-சேவை மையத்தின் கணினி மட்டும் இதை ஏற்றுக்கொள்ளாது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்குப் பிறகும் சேரியில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளையைப் பதிய யாரும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்களுக்காவது ஒரு தேதி கிடைத்தது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று தலைமையாசிரியர் முடிவு செய்து, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டுக்கொண்டார். பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களின் வயதை முதன்முதலில் எழுதியவர் வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர், பிறகு ரேஷன் கார்டு எழுதியவர், கடைசியாக ஆதார் முகாமில் கணினி முன் உட்கார்ந்திருந்த இளைஞர். ஆளைப் பார்த்து ஒரு வருடத்தைத் தட்டி, ஜனவரி ஒன்று என்று போட்டு முடித்தார்கள். தாய்க்கும் மூத்த மகனுக்கும் ஒன்பது வயதே வித்தியாசம் காட்டுகிற அட்டைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது. உண்மையில் அறுபது முடிந்த ஒருவருக்கு அட்டையில் 57 என்று இருந்தால், முதியோர் ஓய்வூதியத்துக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். மாதம் 1,200 ரூபாய் வீதம் 36 மாதத்துக்கு 43,200 ரூபாய். ஒரு தட்டச்சுப் பிழைக்கு இவ்வளவு அபராதம் கட்டுகிறவர்கள் நாட்டிலேயே ஏழைகள்.

உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதார் அட்டை அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கு அது முடிவான சான்று அல்ல என்று சொன்னது. பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை எடுத்துக்கொண்டது. இதை நம் இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் 'ஆதார்ல அறுபது ஆகல' என்று திருப்பி அனுப்பினால் பேசாமல் வரக்கூடாது. பழைய வாக்காளர் பட்டியல், மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்று, அரசு மருத்துவர் தரும் வயதுச் சான்று, இவற்றை இணைத்து எழுத்தில் மனுக் கொடுக்கலாம். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரு முறைதான் இடம் தருகிறார்கள். அதனால் அவசரத்தில் இன்னொரு தப்பான தேதியைப் போட்டுவிடாமல், ஆவணம் கையில் வந்த பிறகே போக வேண்டும்.

இந்த 1,200 ரூபாயின் கதையையும் சொல்லிவிடுவோம், மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஆதரவற்ற முதியோருக்கு ஓய்வூதியம் என்ற திட்டம் தமிழ்நாட்டில் 1962-இல், காமராசர் முதல்வராக இருந்தபோது தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். ஒன்றிய அரசு இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவர 1995 ஆகஸ்ட் 15 வரை ஆனது. 2023 ஆகஸ்டில் மாநில அரசு தொகையை 1,000-லிருந்து 1,200 ஆக்கியது. ஒன்றியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு டெல்லி தருகிற பங்கு, 80 வயதுக்குக் கீழே இருந்தால் 200 ரூபாய்தான். பல ஆண்டுகளாக அந்த 200 அசையவில்லை. விலைவாசி மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. 1,200-ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய். இதைத்தான் சிலர் 'சும்மா குடுக்குறாங்க' என்கிறார்கள். நாற்பது ஆண்டு கரும்பு வெட்டி இந்த மாவட்டத்துக்குச் சர்க்கரை கொடுத்தவருக்கு, வருங்கால வைப்புநிதி போடாத, பணிக்கொடை தராத, ஒரு நாள்கூடச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்காத வேலைக்கு, கடைசியில் கிடைப்பது நாளுக்கு 40 ரூபாய். யார் யாருக்குச் சும்மா கொடுத்தார்கள் என்று கணக்குப் போட்டால் விடை வேறாக வரும்.

மனு தள்ளுபடி ஆகும்போது அதிகம் சொல்லப்படும் காரணம் 'மகன் இருக்கிறான்' என்பது. மகன் இருக்கிறான்தான். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான், மூன்று பிள்ளைகளோடு. அவன் அனுப்புகிற பணம் அவன் வாங்கிய முன்பணத்துக்கே போகிறது. தள்ளுபடி என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம்தான் இதற்குரிய இடம். அங்கே பதில் இல்லாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை ஆட்சியரைப் பார்க்க விழுப்புரம் போக வேண்டியிருந்தது. வெள்ளிமலையிலிருந்து ஒரு கிழவி விழுப்புரம் போய்த் திரும்புவது என்றால் இரண்டு நாள் பிழைப்புப் போயிற்று. அந்தத் தூரமாவது குறைந்திருக்கிறது.

ஐம்பதைத் தாண்டாதவர்களுக்கு வேறு சில வழிகள் உண்டு. விவசாயக் கூலிகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டம், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், மற்ற உடலுழைப்புக்காரர்களுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த வாரியங்கள். வேலை செய்கிற வயதிலேயே உறுப்பினராகிப் புதுப்பித்து வந்தால் 60-இல் ஓய்வூதியம், இடையில் பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி என்று கிடைக்கும். நம் ஆட்கள் விண்ணப்பம் போடுவார்கள், அட்டையும் வாங்குவார்கள், புதுப்பிக்கத்தான் மறப்பார்கள். தகரப் பெட்டியில் காலாவதியான வாரிய அட்டை இல்லாத வீடு காலனியில் குறைவு.

18-இலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்கள் வங்கியில் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 2015-இல் வந்தது. 60 வயதில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 42 ரூபாய் கட்ட வேண்டும். 40 வயதில் சேர்ந்தால் அதே ஆயிரத்துக்கு மாதம் 291 ரூபாய். முதல் ஆள் 42 ஆண்டில் கட்டுவது மொத்தம் 21,168. இரண்டாவது ஆள் 20 ஆண்டில் கட்டுவது 69,840. கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இன்றைய 18 வயதுக்காரர் அறுபதைத் தொடும்போது ஆயிரம் ரூபாய்க்கு என்ன மதிப்பு இருக்கும்? விலைவாசியோடு உயராத ஓய்வூதியம் அது. அதனால் 5,000 ரூபாய்க்கான தொகையைக் கட்ட முடிந்தால் அதைக் கட்டுவது மேல். 18 வயதில் அதற்கு மாதம் 210 ரூபாய். முடியாதவர்கள் ஆயிரத்தோடு நிற்கட்டும். கணவன் இறந்தால் மனைவிக்கும் அதே ஓய்வூதியம் தொடரும் என்பது நம் வீடுகளுக்குப் பெரிய விஷயம்.

இனி பட்டாவுக்கு வருவோம். காகிதத்தால் நிலம் போன வரலாறு நமக்கு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அறிக்கை கொடுத்து, மறு ஆண்டு ஆங்கில அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் பட்டியல் சாதியினருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் அது. கடனுக்கு வைத்த கைநாட்டில், படிக்கத் தெரியாத பத்திரத்தில் பெரும்பகுதி கைமாறியது. நிபந்தனை காகிதத்திலேயே இருந்தது. கேட்க ஆள் இல்லை.

இன்று அதே கைநாட்டு வீட்டுக்குள்ளேயே விழுகிறது. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனை பெரும்பாலும் அம்மாவின் பெயரில் இருக்கும். மகன் வீடு கட்டக் கடன் வாங்க வேண்டும், அல்லது மருமகளுக்கு நம்பிக்கை வர வேண்டும், அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடுகிறார்கள். பாதி நேரம் அந்தத் தாய்க்குத் தான் எதில் கைநாட்டு வைத்தோம் என்பதே தெரியாது. ஆறு மாதம் கழித்துத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். மகன்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இருப்பது ஒற்றை அறை, அதில் இரண்டு குடும்பம். இடத்துக்கு அடிதடி வரும்போது வெளியே போவது வயதானவர்தான்.

வாழும் காலம்வரை வீடு தன் பெயரில் இருக்கட்டும், தனக்குப் பிறகு இன்னாருக்கு என்று எழுத நினைப்பவருக்கு உயில் போதும். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அவர்களும் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் பின்னால் தகராறு குறையும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்டில் அந்த வசதி கிடையாது. எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், 'என் ஆயுள்வரை எனக்குச் சோறு, தங்க இடம், வைத்தியம் பார்க்க வேண்டும்' என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். பத்திர எழுத்தர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆவது பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனை போட்டு வாங்கிய சொத்தை வைத்துக்கொண்டு பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரமே செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு இது பொருந்தும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேசத் தாயின் வழக்கில், முதியோருக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. விசாரிக்கிற தீர்ப்பாயம் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிறது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம். எங்கே போவது என்று புரியாதவர்கள் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆனாலும் இந்தச் சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. சம்பாதிக்கிற மகன், கைவிடப்பட்ட தாய் என்ற சித்திரம் நகரத்து வீட்டுக்குப் பொருந்தும். கூலிக்காரத் தாய் கூலிக்கார மகன்மேல் வழக்குப் போட்டு 10,000 உத்தரவு வாங்கினால், அதை அவன் எங்கிருந்து கட்டுவான்? வீட்டைத் திரும்ப வாங்க இந்தச் சட்டம் நமக்கு உதவும். சோற்றுக்கு அரசின் ஓய்வூதியம்தான் வர வேண்டும். அதை உயர்த்தச் சொல்லிப் போராடாமல், பிள்ளைகளின் நன்றிகெட்ட தனத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில் எங்களுக்கு நாட்டம் இல்லை.

மகனே முன்னால் போய்விட்டால்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிவேலை செய்த தலித்துகள். அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்றும் அறிவித்தது. செய்தியாளர்கள் போன பிறகு அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போடப் பாட்டி தாத்தாக்கள் இருந்தார்கள். தன்னைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தவர்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் கட்டாயத்துக்கு வந்துவிட்டார்கள். சாராயத்தால் ஒவ்வொருவராகப் போகிற வீடுகள் நம் ஊர்ப்பக்கமும் உண்டு, அவை தலைப்புச் செய்தி ஆவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பேரப்பிள்ளையின் சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குகிற பழக்கம் கரும்பு வெட்டுகிறவர்களிடம் அதிகம். அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், நடக்க முடியாதவருக்கு உடற்பயிற்சி சொல்லித் தரவும் ஆள் வருகிறார். சேரிப்பக்கம் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கண்புரைக்கு அங்கே போகாமல் 'வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்' என்று உட்கார்ந்திருப்பதில் அர்த்தம் இல்லை. ரேஷன் கடையில் தேய்ந்த விரல் ரேகை விழாதவர்கள் கண் கருவிழிப் பதிவைக் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தவர்களுக்குப் பொருள் வீட்டுக்கே வர வேண்டும்.

சோறும் மாத்திரையும் வந்துவிட்டால் நல்ல முதுமை ஆகிவிடுமா? வயதானால் மரியாதை கூடும் என்பது தமிழ்ப் பண்பாடு என்று மேடையில் பேசுகிறோம். அது எல்லோருக்கும் கூடுவதில்லை. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருப் பையன் பெயர் சொல்லி, 'வாடா போடா' என்று கூப்பிடுவதை இந்த வட்டாரத்தில் இன்றும் கேட்கலாம். சாதி வந்து நின்றால் வயது தள்ளிப் போய்விடுகிறது. பேரன் பட்டம் படித்துவிட்டு வந்து அந்த இடத்தில் நிற்கும்போது தாத்தா தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள், எந்த ஓய்வூதியமும் அதற்கு ஈடாகாது. சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஊர்ச் சமாதானம் கெட்டுவிடும் என்று தாத்தா தடுப்பார். அவர் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, பேரனுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை.

நம் முன்னோடிகளின் முதுமையையும் மாணவர்கள் பார்க்க வேண்டும். அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய 1907-இல் அவருக்கு 62 வயது. 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். தன் வாழ்க்கைக் கதையை நூலாக்கியது 1939-இல், எண்பது வயதில். நம் தாத்தாக்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம். அவர்களிடம் எந்த ஏரியில் யாருக்கு எவ்வளவு பங்கு இருந்தது, எந்த நிலம் யார் கையிலிருந்து எப்படிப் போனது, சுடுகாட்டுப் பாதை எந்த வழியாக இருந்தது என்ற கணக்கு இருக்கிறது. நாளைக்குப் பஞ்சமி நிலத்துக்கோ பாதைக்கோ மனுப் போடும்போது அந்த வாய்மொழிதான் முதல் தடயம். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தால் போதும். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் கிழவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு வரும் கல்லூரி மாணவர்கள் ஒரு நாள் ஒதுக்கி, தெருவில் ஐம்பது தாண்டியவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஐந்தையும் வாங்கிப் பெயரும் வயதும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'முனியம்மா', இன்னொன்றில் 'முனியம்மாள்' என்றிருந்தால்கூட வங்கியில் பணம் நின்றுவிடும். திருத்த வேண்டியவர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வண்டியில் அழைத்துப் போனால் செலவு குறையும். திங்கட்கிழமை மனுக் கொடுக்கப் போகிறவர்கள் மனுவின் நகலிலும் பதிவு எண்ணைக் குறித்து வாங்கிக்கொண்டு, அதைத் தகரப் பெட்டியில் பட்டாவுக்கு மேலேயே வையுங்கள்.